மோட்டார் போடுகிறவனுக்குச் சொல்ல வேண்டியது

என் அன்புத் தம்பி சேவியர்,

அன்றைக்கு மோட்டார்ப் பெட்டியில் கை வைத்தபோது நீ சத்தம் போட்டாயா?

எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்த்துவிட்டேன், யாருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த லூர்து, காதோடு சேர்த்துத் துணி கட்டியிருந்ததாகவும் காற்றில் ஒன்றும் கேட்கவில்லை என்றும் சொன்னாள். உன் மனைவி ஸ்டெல்லா, நீ கத்தியே இருக்க மாட்டாய் என்கிறாள். "அவரு என்னைக்கு அண்ணி சத்தம் போட்டுப் பேசினாரு? சோறு வேணும்னாகூட தட்டைத்தான் நகர்த்துவாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

கல்லூரியில் நான் நடத்துவது தொடர்பியல் என்று உனக்குத் தெரியும். அதில் முதல் பாடம் எளிது. சொல்பவர் ஒருவர், கேட்பவர் ஒருவர், இடையில் செய்தி போகும் வழி, அந்த வழியைக் கெடுக்கும் இரைச்சல். கரும்பலகையில் கட்டங்களும் அம்புக்குறிகளும் போடுவேன். கேட்பவரை எட்டாத பேச்சு பேச்சே ஆகாது என்பேன். இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவந்த அந்த வாக்கியத்தை நீ போன பிறகு என்னால் வகுப்பில் சொல்ல முடியவில்லை. அந்தப் பக்கத்தை நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் வேறு மாதிரி எழுதிவைத்திருக்கிறார்கள். போர்வெல் தண்ணீரை உப்புப் பாத்திக்கு ஏற்றும் மோட்டாருக்குப் போகிற வயர், வரப்பு ஓரமாகத் தண்ணீரிலேயே கிடந்தது. அங்கங்கே வெட்டி ஒட்டிய வயர். மாற்றச் சொல்லி நீ மேஸ்திரியிடம் பலமுறை கேட்டிருக்கிறாய். சேறு பட்டால் உப்பு கறுத்துவிடும் என்பதால் பாத்திப் பக்கம் யாரும் செருப்புப் போட்டுப் போவதில்லை. நீயும் வெறுங்காலோடு ஈர வரப்பில் நின்றுதான் பெட்டியைத் திறந்தாய். சீசன் முடியச் சில நாட்களே இருந்தன. ஆள் கவனக்குறைவாக இருந்துவிட்டார் என்று முதலாளி பக்கத்தில் சொன்னார்கள். விபத்து அறிக்கையிலும் அப்படியே ஏறிவிட்டது.

உன்னைப் பற்றி எத்தனையோ குறை சொல்லலாம். கவனக்குறைவு அதில் இல்லை. சைக்கிளை நிறுத்தினால் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிற ஆள் நீ.

உன் மாத நினைவுத் திருப்பலியில் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்ல ஒருவர் பேச வேண்டும் என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படித்தவள், பேச்சைப் பற்றியே பாடம் எடுப்பவள். ஆனால் கூட்டத்துக்கு முன்னால் நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் பூசையில் வாசகம் வாசிக்கப்போய் என் குரல் உடைந்தபோது, முதல் வரிசையில் உட்கார்ந்து நீ சிரித்த சிரிப்புக்கு அம்மா உன் தொடையைக் கிள்ளினாளே. நான் அப்போதிருந்து பெரிதாக மாறவில்லை. வகுப்பில் பேசுவது வேறு. அங்கே வருகைப்பதிவு என் கையில் இருக்கிறது, மதிப்பெண்ணும் என் கையில். எழுந்து போக முடியாதவர்களிடம் பேசுவதைப் பேச்சுத்திறன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று எழுதிக்கொண்டுபோய் வாசித்தேன். நன்றி சொன்னேன். பிறகு உப்பளத் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிச் சொன்னேன். சட்டம் என்ன சொல்கிறது என்றும் சொன்னேன். மைக் நடுவில் ஊளையிட்டது. பெண்கள் குனிந்தே உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் எல்லோரும் வந்து, நன்றாகப் பேசினாய் என்றார்கள்.

எனக்குச் சந்தேகம் வந்தது. பாத்திரம் கழுவும்போது ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"நான் என்ன பேசினேன், சொல்லு பார்க்கலாம்."

அவள் யோசித்தாள். "நல்லாத்தான் பேசினீங்க அண்ணி. அரசாங்கம்னு ஏதோ சொன்னீங்க. அப்புறம்... தொழிலாளர்னு சொன்னீங்க."

"வயரைப் பத்தி?"

"வயரைப் பத்தி சொன்னீங்களா?"

சொல்லியிருந்தேன். இரண்டாவது பக்கத்தில்.

ஸ்டெல்லாவின் தம்பி பீட்டர் அன்று முழுவதையும் போனில் பதிவு செய்திருந்தான். புதுச்சேரிக்குத் திரும்பும் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். கீழ்புத்துப்பட்டு தாண்டுவதற்குள் அணைத்துவிட்டேன். புதுச்சேரியில் என் அறைக்கு வந்த பிறகுதான் மிச்சத்தைக் கேட்க முடிந்தது. மாணவியின் பேச்சாக இருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டு கேட்டேன். வாக்கியத்துக்கு ஒரு 'அதாவது'. மூச்சு விடாத வேகம். எல்லாமே 'உறுதி செய்யப்பட வேண்டும்', 'கவனிக்கப்பட வேண்டும்'. யார் உறுதி செய்ய வேண்டும்? யார் கவனிக்க வேண்டும்? ஒரு இடத்திலும் ஆள் இல்லை. உன்னைக் கொன்ற வயரையும் அப்படித்தான் சொல்லியிருந்தேன், யாருடைய வயரும் இல்லாத மாதிரி. பயத்தில் பேசுகிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

பிறகு மழை வந்தது. பாத்தியெல்லாம் கழுவெளி ஏரித் தண்ணீரோடு ஒன்றாகிவிட்டது. மழை மாதங்களில் நம் தெரு எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது ஸ்டெல்லா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணி, சீசன் ஆரம்பிச்சதும் பீட்டருக்கு மோட்டார் வேலை தர்றேன்னு சொல்லிட்டாங்க. இவர் செஞ்ச வேலைதான். அதே மோட்டார்."

"வயரை மாத்திட்டாங்களா?"

"யார் மாத்துவாங்க? தண்ணிக்குள்ளதான் இன்னும் கெடக்குது. குடியரசு தினத்துக்குக் கிராம சபை வைப்பாங்க. நீங்க வந்து பேசுங்க. என் தம்பியும் அதே பெட்டில கை வைக்கக் கூடாது."

பீட்டர் வாசலில் நின்றிருந்தான். துபாயிலிருந்து வேலை முடிந்து வந்து ஒரு வருடமாகிறது அவனுக்கு. நிலையான வேலை இல்லை. "அக்கா, பேசி அந்த வேலையும் போச்சுன்னா? துபாய்லகூட இதைவிட மோசமான வயரெல்லாம் பார்த்திருக்கேன். நான் ஜாக்கிரதையா இருந்துக்குவேன்" என்றான்.

"உங்க மாமா ஜாக்கிரதையா இல்லாமலா இருந்தாரு?" என்றாள் ஸ்டெல்லா. 

ஒப்புக்கொண்டேன். நம்பிக்கையினால் அல்ல. கூட்டங்களால் எதுவும் மாறும் என்று நான் பெரிதாக நம்பியதில்லை. ஆனால் மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

இந்த முறை பாடத்தை எனக்கே நடத்திப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். கேட்பவர் யார் என்பதில் இருந்து தொடங்கு என்பேனே மாணவிகளிடம். தொடங்கினேன். முதலில் போய் நின்றது லூர்து வீட்டில். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், இன்று பாத்தியில் பத்துப் பெண்களுக்கு முன்னால் நிற்பவள். வஞ்சிர மீன் வாங்க வக்கில்லாத மாதத்தில் மத்தி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வா டீச்சரம்மா. பாத்தியை மூடச் சொல்லிப் பேசப்போறியாமே?"

"மூடச் சொல்லலை. சோதனை பண்ணி, எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிக் குடுக்கற வரைக்கும்..."

"அதுக்குப் பேர்தான் மூடறது. மூணு மாசமா வேலை இல்ல. கவர்மெண்டு ஆளு எப்ப வருவான், எப்ப எழுதிக் குடுப்பான்? சேவியர் எனக்கும் தம்பிதான். ஆனா நீ பேசிட்டு பஸ் ஏறிடுவ. எங்க வயித்துக்கு யாரு பதில் சொல்றது?"

கோபமாகச் சொல்லவில்லை. மீனின் செதிலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். நான் தயாரித்து வைத்திருந்த பேச்சு அந்த இடத்திலேயே முடிந்துபோனது. என் எதிரே உட்காரப்போகும் கூட்டம் எனக்குச் சாதகமான கூட்டம் என்று நினைத்திருந்தேன். செத்தது அவர்களில் ஒருவன் ஆயிற்றே. ஆனால் நான் கேட்கப்போவது அவர்களுடைய கூலியை.

அதனால் கேட்பதைச் சுருக்கினேன். பாத்தியை மூட வேண்டாம். வயரைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கம்பத்தில் ஏற்ற வேண்டும். ஷாக் அடித்தால் தானாகவே கரண்ட்டை நிறுத்துகிற டிரிப் ஸ்விட்ச் ஒன்றைப் பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு நாள் வேலை என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். இந்த ஒரு நாளைக்கு மேல் நான் எதுவும் கேட்கக் கூடாது. உன் பெயரில் ஏறிய 'கவனக்குறைவு' என்ற வார்த்தையை நீக்கச் சொல்வது என் பேச்சில் இருந்தது; அதையும் எடுத்துவிட்டேன். ஒரு பேச்சு, ஒரு கோரிக்கை. பாடம் அப்படித்தான் சொல்கிறது. உன்னிடம் கேட்காமல் உன் மரியாதையை வெட்டினேன். நீயாக இருந்தால் பீட்டர் பக்கம்தான் கை காட்டியிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரிதானா?

ஒத்திகை ஸ்டெல்லா வீட்டுப் பின்கட்டில். ஸ்டெல்லாவும் லூர்துவும் பலகையில் உட்கார்ந்துகொண்டார்கள். நான் பேச ஆரம்பித்ததும் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். திருப்பலியிலும் இப்படித்தான் இருந்தார்கள். கேட்பவர் கண்ணைப் பார்த்துப் பேசு, கண் விலகினால் கவனம் விலகியது என்று பொருள் என்பேன் வகுப்பில். பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"ஏன் ரெண்டு பேரும் என்னைப் பார்க்க மாட்டேங்கறீங்க?"

"பின்னாடி வெள்ளைச் சுவரு, மேல வெயிலு. உப்புல வேலை செஞ்ச கண்ணுடி இது. வெள்ளையைப் பார்த்தா தண்ணியா ஊத்தும்" என்றாள் லூர்து. "காது இங்கதான் இருக்குது. நீ பேசு."

இடம் மாறி நின்றேன். பேசி முடித்ததும் லூர்து உதட்டைப் பிதுக்கினாள்.

"எல்லாம் சரி. ஆனா நீ செத்தவனோட அக்கா. கொஞ்சம் அழுதுட்டுப் பேசு. அழாத அக்காவ எவன் நம்புவான்?"

"என்னால முடியாது லூர்து."

"முடியாதுன்னா வெங்காயம் வெச்சுக்கோ."

ஸ்டெல்லா சிரிப்பை அடக்கமுடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் லூர்து சொன்னதில் ஒரு கேள்வி இருந்தது. என்னை ஏன் நம்ப வேண்டும்? பண்டிகைக்கு வந்து போகிறவள். உப்பு மண்வெட்டியைத் தூக்கி முப்பது வருடத்துக்கு மேலாகிறவள். சொல்பவர் மீது நம்பிக்கை இல்லாவிட்டால் சொன்னது எத்தனை நியாயமாக இருந்தாலும் நிற்காது. அழுகையைத் தவிர என்னிடம் காட்ட என்ன இருக்கிறது? உறவு ஒன்றுதான் இருந்தது. முதல் வாக்கியத்திலேயே அதை வைத்தேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அறையில் தனியாக, போனில் பதிவு செய்துகொண்டு பழகினேன். 'செத்துப்போன சேவியரோட அக்கா' என்று சொல்லிவிட்டு எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்று பார்த்தேன். நிறுத்தாமல் போனால் எடுபடவில்லை. அதிகம் நிறுத்தினால் நாடகமாகிவிட்டது. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். உன் சாவை எந்த அளவில் வெட்டி வைத்தால் கூட்டம் அசையும் என்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கே என்மீது அருவருப்பு வந்தது. ஆனாலும் பழகுவதை நிறுத்தவில்லை. இதற்குப் பெயர் என்ன? திறமையா, வேறு ஏதாவதா?

குடியரசு நாளன்று ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். இரண்டு குழாய் ஸ்பீக்கர். நான் சீக்கிரமே போய் மைக் செட்காரரிடம் ஒரு குழாயை உப்பளத் தெருப் பக்கம் திருப்பச் சொன்னேன்; நம் ஊரில் பாதிப் பேர் கூட்டத்துக்கு வராமல் வீட்டில் இருந்தபடிதான் கேட்பார்கள். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் திருப்பினார். இரண்டு குழாயின் சத்தமும் ஒன்றோடொன்று மோதி எதிரொலித்தது. ஒரு வாக்கியம் போய் அடங்கிய பிறகுதான் அடுத்ததைத் தொடங்க வேண்டும் என்று புரிந்துகொண்டேன். வேகமாகப் பேசும் எனக்கு அந்தக் கோளாறு உதவிதான் செய்தது.

முதலாளி முன்வரிசை நாற்காலியில் இருந்தார். அவருக்குப் பின்னால் மேஸ்திரி. என் முறை வந்தது. கையில் காகிதம் வைத்துக்கொள்ளவில்லை. மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"என் பேரு ரெஜினா. போன சீசன்ல மோட்டார்ப் பெட்டில கை வெச்சு செத்துப்போன சேவியரோட அக்கா."

நிறுத்தினேன். பழகிய அளவுக்கு அல்ல. குரல் வரவில்லை, அதனால். விசிறிக்கொண்டிருந்த ஒரு பெண் விசிறியை மடியில் வைத்தாள்.

"பாத்தியை மூடச் சொல்லி நான் வரலை. மூணு மாசமா வேலை இல்லாம இருக்கீங்கன்னு தெரியும். நான் கேக்கறது ஒரு நாள் வேலை. தண்ணில கெடக்கற வயரைக் கம்பத்துல ஏத்தணும். பெட்டில டிரிப் ஸ்விட்ச் வைக்கணும். யார் செய்யணும்? உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்த முதலாளி செய்யணும். யார் வந்து பார்க்கணும்? கரண்ட் ஆபீஸ்காரங்க பார்க்கணும். எப்போ? மோட்டார் போடறதுக்கு முன்னாடி. இந்த வருஷம் அந்தப் பெட்டியைத் திறக்கப்போறவனுக்கும் ஒரு அக்கா இருக்காங்க. இதோ இங்க உக்காந்திருக்காங்க. வயரை ஏத்துங்க, அப்புறம் மோட்டாரைப் போடுங்க. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டேன். எதிரொலி அடங்கியது.  பிறகு பின்வரிசையில் யாரோ ஒரு பெண், "ஏத்திட்டுத்தான் போடட்டுமே, என்ன கெட்டுப்போச்சு?" என்றாள். இன்னொருத்தி, "ஒரு நாள்தானே கேக்குது டீச்சரு" என்றாள். சத்தம் பரவியது. பீட்டர் எழுந்து நின்றான். அவன் எழுவான் என்று நான் நினைக்கவில்லை.

"வயரை ஏத்தற வரைக்கும் நான் பெட்டியைத் தொட மாட்டேன்" என்றான். சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்தான், உன்னைப்போலவே, அதிகம் பேசிவிட்டவன் மாதிரி.

முதலாளி எழுந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "டீச்சர் அருமையா பேசினாங்க. ஞாயமான பேச்சு. சேவியர் எனக்கும் புள்ள மாதிரிதான். ஏத்திட்டுத்தான் மோட்டார் போடுவோம். தீர்மானமா எழுதிக்குங்க" என்றார். கூட்டம் கைதட்டியது. எனக்கும் அவருக்கும் சேர்த்துத் தட்டியது.

வெளியே வரும்போது லூர்து என் கையைப் பிடித்துத் திருகினாள். "அழாமலே சாதிச்சிட்டியே, கல்நெஞ்சுக்காரி." தெருவில் இரண்டு பெண்கள் எங்களுக்கு முன்னால் பேசிக்கொண்டு போனார்கள். வயரை ஏத்து, அப்புறம் மோட்டாரைப் போடு என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. நான் சொன்னது என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அன்று மாலை எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சேவியர். உன் சாவைப் பற்றிப் பேசி வந்த சந்தோஷம் என்று தெரிந்தும் இருந்தது. ஸ்டெல்லா காபி போட்டுத் தந்தாள். பீட்டர் தட்டில் மிக்சரைக் கொட்டிக்கொண்டு, "துபாய்க்காரங்க எல்லாம் பேசக் கத்துக்க உங்ககிட்ட டியூஷன் வரணும் அக்கா" என்றான்.

பஸ்ஸைப் பிடிக்காமல் அங்கேயே தங்கினேன். முதலாளி சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எதையும் மறுக்காத ஆளிடம் என்ன வாதம் செய்வது என்பதற்கு என் பாடத்தில் அத்தியாயம் இல்லை.

மறுநாள் நடந்தது இது.

காலையில் நானும் ஸ்டெல்லாவும் பீட்டரும் உப்பளத்துக்குப் போனோம். பெண்கள் முகத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு வரப்பில் நின்றிருந்தார்கள். வயர் தண்ணீரில் இருந்தது. ஒட்டு இருந்த இடங்களில் புதுக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். கம்பம் எதுவும் இல்லை.

மேஸ்திரி பைக்கில் வந்தார். பின்னால் ஒருவன் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது இருக்கும், காதோரம் நரை. பக்கத்து இறால் பண்ணையில் வேலை செய்கிற பீகார்க்காரன் என்று யாரோ சொன்னார்கள்.

"என்ன மேஸ்திரி, நேத்து முதலாளி சொன்னாரே?" என்றாள் லூர்து.

"சொன்னாரு, யாரு இல்லைன்னா? கம்பம் எடுத்துட்டு வர ஆள் திண்டிவனம் போயிருக்கான். அதுவரைக்கும் தண்ணி ஏறட்டும். நீங்களும் நிக்கவேண்டாம்ல?" பீட்டரைப் பார்த்தார். "நீ தொட மாட்டேன்னு சொன்னல்ல. தொடாத. போ."

லூர்து என்னைப் பார்த்தாள். துணிக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. நான் ஏதாவது சொல்வேன் என்று அவள் காத்திருந்தாள். அங்கே மைக் இல்லை. நிறுத்திப் பேசவும் நேரம் இல்லை. அந்த ஆள் பெட்டியை நோக்கி வரப்பில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தான்.

"போடாதீங்க!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை.

அவன் திரும்பினான். என்னை யாரென்று நினைத்தானோ, மரியாதையாகக் கையைத் தூக்கி வணக்கம் வைத்தான். பிறகு பெட்டியைத் திறந்து ஸ்விட்சைப் போட்டான்.

மோட்டார் ஓடியது. தண்ணீர் வந்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

 லூர்து முகத்துணியின் முடிச்சை இறுக்கிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினாள். மற்றவர்களும் இறங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

பேச்சுக்குத் தயாரானபோது பந்தலுக்கு வரப்போகிற ஒவ்வொருவரையும் யோசித்திருந்தேன், குழாயைத் திருப்பி வீட்டில் இருந்தவர்களையும் யோசித்திருந்தேன். பெட்டியைத் திறக்கப்போகிறவன் பீட்டர் என்றே முடிவு கட்டியிருந்தேன். தமிழே தெரியாத ஒருவன் அந்த இடத்தில் வந்து நிற்பான் என்று நான் நினைக்கவில்லை. முதலாளி நினைத்திருக்கிறார். என்னைவிட அவர் கேட்பவர்களை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் பீட்டர் தானாகவே அவனிடம் போனான். தன் வேலையை எடுத்துக்கொண்டவன் பக்கத்தில் உட்கார்ந்து, துபாயில் கற்ற அரைகுறை இந்தியில் கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். வயரைக் காட்டினான். தரையைக் காட்டினான். உன்னைப் பற்றித்தான் சொல்கிறான் என்று எனக்குப் புரிந்தது. அந்த ஆள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். ஏதோ பதில் சொன்னான். பீட்டர் திரும்பி வந்தான்.

"என்ன சொல்றாரு?"

"தெரியும்ங்கறான் அக்கா. வயரைப் பார்த்ததுமே தெரியுமாம். நான் போடலைன்னா இன்னொருத்தனைக் கூட்டிட்டு வருவாங்க, அப்புறம் எனக்குப் பண்ணையிலயும் வேலை இருக்காதுங்கறான்."

செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு இரைச்சலும் இல்லை. அவனுக்கு எல்லாமே புரிந்திருந்தது. என் பாடம் அதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று அதில் இல்லை.

நான் உனக்குத் தரக்கூடிய வாக்கு இவ்வளவுதான். மே தினத்தன்று மறுபடியும் கிராம சபை. அன்றும் பேசுவேன். அதற்குள் கரண்ட் ஆபீஸுக்கும் தொழிலாளர் அலுவலகத்துக்கும் நடப்பேன். அங்கேயும் அழ மாட்டேன். மே தினப் பந்தலில் அந்த மனிதனும் உட்கார்ந்திருப்பான். நான் ஒரு வாக்கியம் சொன்னதும் பீட்டர் அதை இந்தியில் சொல்வான், அதன் பிறகுதான் அடுத்த வாக்கியம். உன் பெயரிலிருந்து அந்த வார்த்தையை நீக்கச் சொல்லவும் செய்வேன். ஒரு பேச்சுக்கு ஒரு கோரிக்கைதான் என்ற விதியை அன்று மீறப்போகிறேன்.

சாயங்காலம் மோட்டாரை அணைத்தார்கள். கம்பம் வரவில்லை. அந்த ஆள் பெட்டியை மூடிவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு, இறால் பண்ணைப் பக்கம் நடந்து போனான். பெயர் கேட்டேன். சுரேந்தர் என்றான்.

உன் அக்கா,
ரெஜினா